இரண்டு தீமுடிகளும் எங்கள் வீட்டுப் பூனையும்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். எங்கள் வீட்டு முன் விறாந்தையில் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியது. காய்ந்த புல், சிலந்தி வலை, மரப்பட்டைத் துணுக்குகள், எங்கள் குப்பைக் கூடையிலிருந்து எடுத்த ஒரு டொபித் தாளின் துண்டு எல்லாம் சேர்ந்து பை போன்ற ஒரு கூடு தொங்கியது. உம்மா உடனே உடுப்புகளை வேறு கயிற்றுக்கு மாற்றிவிட்டார். வாப்பா மோட்டார் சைக்கிளை விறாந்தைக்குள் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார். நான் ஒவ்வொரு நாளும் கதிரையில் ஏறி நின்று கைத்தொலைபேசியால் படம் பிடித்தேன். "எங்கள் வீட்டு ஹம்மிங் பேர்ட்" என்று எழுதித் தோழிகளுக்கும் அனுப்பினேன்.

அதைப் பார்த்த உயிரியல் டீச்சர் அடுத்த நாள் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இலங்கையில ஹம்மிங் பேர்ட் ஒண்டும் இல்ல மகள். அது தேன்சிட்டு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு தேடிக்கொண்டு வந்து வகுப்புக்குச் சொல்லுங்க."

நான் தேடத் தொடங்குவதற்கு முன்பே கூடு அழிந்துவிட்டது. ஒருநாள் காலை, படம் பிடித்துவிட்டுக் கதிரையைத் தூக்கி உள்ளே வைக்க மறந்து பாடசாலைக்குப் போய்விட்டேன். எங்கள் பூனை சீனி அந்தக் கதிரையில் ஏறிப் பாய்ந்திருக்கிறது. நான் திரும்பி வந்தபோது உம்மா விறாந்தையைக் கூட்டி முடித்திருந்தார். தாய்க்குருவியின் சில இறகுகள் மட்டும் படியோரத்தில் கிடந்தன. கூட்டுக்குள் இரண்டு முட்டைகள் அப்படியே இருந்தன. நான்கு நாட்கள் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

டீச்சர் தந்த வேலைக்காக ஓசனிச்சிட்டுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு சிறிய தீவில் இதே கதை நடந்துகொண்டிருப்பதை அறிந்தேன். அங்கும் ஒரு பூனை இருக்கிறது. அங்கும் அதைக் கதிரையில் ஏற்றிவிட்டவன் மனிதன்தான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேன்சிட்டு வேறு, ஓசனிச்சிட்டு வேறு

நாம் ஹம்மிங் பேர்ட் என்று சொல்லும் ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. 360 க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆசியாவிலோ ஆபிரிக்காவிலோ ஒன்றுகூட இயற்கையாக இல்லை. நமது தேன்சிட்டுகள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவு முறையில் அவை காகத்துக்கும் சிட்டுக்குருவிக்கும் நெருக்கமானவை. ஓசனிச்சிட்டின் நெருங்கிய உறவு உழவாரக் குருவி.

அப்படியானால் இரண்டும் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன? இரண்டும் பூவின் தேனைக் குடிக்கின்றன. ஆழமான பூவுக்குள் எட்டுவதற்கு நீண்ட அலகும் நாக்கும் வேண்டும், சிறிய உடல் வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு உயிரினங்கள் வெவ்வேறு பாதையால் வந்து ஒரே வடிவத்தை அடைவதை ஒருங்குகூர்ப்பு என்று படித்திருக்கிறோம். வித்தியாசம் பறப்பதில் தெரியும். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்துதான் குடிக்கும். ஓசனிச்சிட்டு தன் இறக்கையை எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் சுழற்றி அந்தரத்தில் அசையாமல் நின்று குடிக்கும். பின்பக்கமாகவும் பறக்கும்.

ஒரு சாதியில் இரண்டே இனங்கள்

ஓசனிச்சிட்டுகளில் செபனாய்டிஸ் என்று ஒரு சாதி இருக்கிறது. அதில் இரண்டே இரண்டு இனங்கள்தான். ஆங்கிலத்தில் இவற்றுக்கு, தலையில் நெருப்பு முடி சூடியது என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நிலைத்த பெயர் எதையும் நான் காணாததால் தீமுடி என்று நானே வைத்துக்கொண்டேன். ஒன்று பச்சைமுதுகுத் தீமுடி. மற்றது யுவான் பெர்னாண்டஸ் தீமுடி. இரண்டும் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் வாழ்பவை.

ஒரே மூதாதையிலிருந்து வந்த இரண்டு சகோதரர்கள் என்றே இவற்றைச் சொல்லலாம். பெருநிலத்தில் வாழ்ந்த பறவைகள் சில எப்போதோ கடல் தாண்டித் தீவுக்குப் போய், அங்கே பிரிந்து வாழ்ந்து வேறு இனமாகிவிட்டன. புவியியல் தனிமைப்படுத்தலால் புதிய இனம் தோன்றும் என்று நாம் பாடத்தில் படிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் இன்று ஒரு சகோதரனைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. மற்றவனோ உலகிலிருந்தே இல்லாமல் போகும் விளிம்பில் நிற்கிறான். ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

பனியிலும் பறக்கும் பச்சைமுதுகு

பச்சைமுதுகுத் தீமுடி சுமார் 10 சென்ரிமீற்றர் நீளமானது. நிறை 5 அல்லது 6 கிராம். முதுகு பச்சை, வயிறு வெண்மை கலந்த சாம்பல், அதில் சிறு புள்ளிகள். ஆணின் உச்சந்தலை வெயில் படும்போது நெருப்புத் தணல்போல் மின்னும். பெண்ணுக்கு அந்த முடி இல்லை.

சிலியின் வட பகுதியிலிருந்து ஆர்ஜென்டீனாவின் மேற்கு எல்லைக் காடுகள் வரையும், தெற்கே கண்டம் முடியும் தியெரா டெல் ஃபுவேகோ வரையும் இது பரவி வாழ்கிறது. உலகிலேயே அதிக தெற்கில் வாழும் ஓசனிச்சிட்டு இதுதான். பீகிள் கப்பலின் முதலாவது பயணத்துக்குத் தலைமை தாங்கிய கப்டன் பிலிப் பார்க்கர் கிங், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது இந்தப் பறவை பறந்து திரிவதைப் பார்த்தார். பின்னர் அதே கப்பலில் சென்ற சார்ள்ஸ் டார்வின் அதைத் தன் பயண நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

இவ்வளவு சிறிய உடலுக்கு அந்தக் குளிர் எப்படித் தாங்கும்? இரவில் இது தன் உடல் வெப்பநிலையையும் இதயத் துடிப்பையும் மிகவும் குறைத்து ஒருவகை உறைதூக்கத்துக்குப் போய்விடும். சக்தி மிச்சமாகும். விடிந்ததும் உடலைச் சூடாக்கிக்கொண்டு பறக்கும். குளிர்காலத்தில் தெற்கிலுள்ளவை வடக்கு நோக்கி இடம் மாறவும் செய்யும்.

இந்தச் சிறு பறவையில் ஒரு காடே தங்கியிருக்கிறது. தென் சிலியின் மழைக்காடுகளிலுள்ள மரங்கள், செடிகள், கொடிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மகரந்தச்சேர்க்கைக்கு இதை நம்பியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிலியின் தேசிய மலரான சிவப்புக் கொப்பிகூவேயும் அவற்றுள் ஒன்று. குளிர்காலத்தில் வேறு பூக்கள் இல்லாத நேரத்தில் கின்ட்ரால் என்ற ஒட்டுண்ணித் தாவரம் பூக்கும். தீமுடி அந்தத் தேனைக் குடித்து உயிர் வாழும், பதிலுக்கு மகரந்தத்தைக் காவிச் செல்லும். அதன் பழத்தை மொனிட்டோ டெல் மொன்டே என்ற சிறிய பைம்மா விலங்கு தின்று விதையைப் பரப்பும். ஒரு தாவரம், ஒரு பறவை, ஒரு விலங்கு, மூன்றும் கைகோர்த்து நிற்கின்றன. கட்டுமானத்தில் ஆதாரக் கல்லை எடுத்தால் வளைவு சரிவதைப்போல, எடுத்தால் மற்றவை சரியும் இனத்தை ஆதார இனம் என்பார்கள். பச்சைமுதுகு அப்படிப்பட்டது.

48 சதுர கிலோமீற்றர் உலகம்

இனி மற்றவனுடைய வீட்டுக்குப் போவோம். சிலியின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தில் பசிபிக் சமுத்திரத்தில் யுவான் பெர்னாண்டஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. எரிமலைகளால் உருவான தீவுகள். 1574 இல் அங்கு சென்ற ஸ்பானிய மாலுமியின் பெயர்தான் அந்தத் தீவுக்கூட்டத்துக்கும், அந்தப் பறவைக்கும் வந்தது. அந்தத் தீவுகளில் றொபின்சன் குறூசோ என்ற ஒரே ஒரு தீவில்தான் யுவான் பெர்னாண்டஸ் தீமுடி இன்று வாழ்கிறது. தீவின் பரப்பளவு சுமார் 48 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். அதாவது நமது நாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஒரு பகுதி புல்லும் கல்லும். பறவை கூடு கட்டக்கூடிய சுதேசக் காடு அதைவிடக் குறைவு.

இந்த இனத்தின் ஆண் சுமார் 12 சென்ரிமீற்றர் நீளமும் 11 கிராம் நிறையும் கொண்டது. பச்சைமுதுகைப்போல் இரண்டு மடங்கு பாரம். உடல் முழுவதும் கறுவாப்பட்டை நிறம், தலையில் தங்கம் கலந்த சிவப்பு முடி. பெண் சுமார் 7 கிராம்தான். அதன் நிறமோ முற்றிலும் வேறு. முதுகு நீலம் கலந்த பச்சை, வயிறு வெள்ளை, அதில் பச்சைப் புள்ளிகள், தலையில் நீலமாக மின்னும் முடி. பச்சைமுதுகில் பெண்ணுக்கு முடியே இல்லை என்று முன்னர் சொன்னேன். தீவில் பெண்ணுக்கும் முடி உண்டு, அதுவும் தனக்கென்று ஒரு நிறத்தில்.

இந்த வேறுபாடு அறிஞர்களையே ஏமாற்றிவிட்டது. பனியில் பறவையைப் பார்த்த அதே கப்டன் கிங், 1831 இல் இந்தப் பறவையைப் பற்றி எழுதியபோது ஆணை ஓர் இனமாகவும் பெண்ணை இன்னோர் இனமாகவும் பெயரிட்டார். இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்பது பின்னர்தான் தெரிந்தது. இதை வாசித்தபோது தேன்சிட்டை ஹம்மிங் பேர்ட் என்று எழுதிய என் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

பட்டியலின் இரண்டு முனைகள்

ஒரு உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தனது சிவப்புப் பட்டியலில் தரம் பிரித்து வெளியிடுகிறது. ஆபத்துக் குறைந்த இனம், ஆபத்தை அண்மித்த இனம், பாதிக்கப்படக்கூடிய இனம், ஆபத்துக்குள்ளான இனம், மிகக் கடுமையான ஆபத்துக்குள்ளான இனம், இயற்கை வாழிடத்தில் அழிந்த இனம், முற்றாக அழிந்த இனம் என்று படிகள் இறங்கிச் செல்கின்றன. பச்சைமுதுகு முதற்படியில் இருக்கிறது. யுவான் பெர்னாண்டஸ் தீமுடி ஐந்தாம் படியில் நிற்கிறது. அதற்குக் கீழே உயிருள்ள காடு இல்லை.

இந்தத் தரம் மனம் போன போக்கில் கொடுக்கப்படுவதில்லை. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, முதிர்ந்த உயிரிகள் எத்தனை என்றெல்லாம் பார்க்கிறார்கள். உதாரணமாக, ஓர் இனம் பரவியிருக்கும் மொத்தப் பரப்பு 100 சதுர கிலோமீற்றருக்குக் குறைவாக இருந்து, அது ஒரே இடத்தில் மட்டும் வாழ்ந்து, அதன் நிலை தொடர்ந்து மோசமாகிக்கொண்டும் போனால் மிகக் கடுமையான ஆபத்து என்ற தரத்துக்குள் வந்துவிடும். தீவே 48 சதுர கிலோமீற்றர்தான் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இந்தப் பறவைக்கு இரண்டாவது வீடு ஒன்று இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் மேற்கே அலெக்ஸாந்திரோ செல்கேர்க் என்ற தீவு இருக்கிறது. அங்கு இதே இனத்தின் ஓர் உபஇனம் வாழ்ந்தது. 1908 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதை யாரும் காணவில்லை. அதே 1908 இல் சுவீடன் தாவரவியலாளர் கார்ல் ஸ்கொட்ஸ்பேர்க் றொபின்சன் குறூசோ தீவில் ஒரே ஒரு சந்தன மரத்தைப் பார்த்துப் படம் எடுத்தார். அந்தத் தீவுக்கே உரிய சந்தனம் அது. வாசனைக்காக வெட்டி வெட்டி முடித்து மிஞ்சியிருந்த கடைசி மரம். அதன் பிறகு உயிருள்ள மரத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள் மூடிக்கொண்டன.

தீவுக்கு வந்த விருந்தாளிகள்

இந்தத் தீவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருப்பீர்கள். 1704 இல் அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற ஸ்கொட்லாந்து மாலுமி தன் கப்பல் தலைவனோடு சண்டைபிடித்து இந்தத் தீவில் தனியாக இறங்கிவிட்டான். நான்கு வருடங்களுக்கு மேல் மனித முகமே பாராமல் வாழ்ந்தான். 1709 இல்தான் மீட்கப்பட்டான். டானியல் டிஃபோ 1719 இல் எழுதிய றொபின்சன் குறூசோ நாவலுக்கு அவன் கதையும் ஒரு தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. 1966 இல் சிலி அரசாங்கம் தீவின் பெயரையே அந்த நாவலின் பெயராக மாற்றியது.

செல்கேர்க்கை மீட்ட கப்பலின் தலைவர் வூட்ஸ் ரொஜர்ஸ் அவனுடைய வாழ்க்கையைப் பதிவு செய்திருக்கிறார். அதில் என்னை நிறுத்திய ஓர் இடம் உண்டு. இரவில் எலிகள் வந்து அவன் கால்களையும் உடுப்பையும் கடித்தனவாம். அவன் ஆட்டிறைச்சியைப் போட்டுப் பூனைகளைப் பழக்கினான். பூனைகள் அவனைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. எலிகள் வரவில்லை. தனிமையில் அவனுக்கு அவைதான் துணை.

எவ்வளவு அழகான காட்சி! ஆனால் மறுபடியும் வாசித்துப் பாருங்கள். ஆடு, எலி, பூனை. 1704 ஆம் ஆண்டிலேயே மூன்றும் தீவில் இருந்திருக்கின்றன. மூன்றுமே அந்தத் தீவுக்கு உரியவை அல்ல. இறைச்சிக்காக மாலுமிகள் ஆடுகளை இறக்கிவிட்டார்கள். எலியும் பூனையும் கப்பல்களிலிருந்து இறங்கின. பின்னர் முயல் வந்தது. கோவாத்தி என்ற நீண்ட மூக்குடைய விலங்கும் வந்தது. தரையில் ஓடும் பாலூட்டி எதையும் அறியாமல் வளர்ந்த தீவு அது. பூனையைக் கண்டால் பறந்துவிட வேண்டும் என்ற பயம் அங்குள்ள உயிர்களின் இரத்தத்தில் இல்லை. பூனை தீமுடியைப் பிடிக்கிறது. எலி கூட்டுக்கு ஆபத்தாகிறது. ஆடும் முயலும் இளங்கன்றுகளைத் தின்கின்றன. புதிய மரம் வளர்வதில்லை.

விலங்கை விடவும் மெதுவாக வந்து, விலங்கை விடவும் அதிகம் அழித்தவை செடிகள். முள்முந்திரி போலப் படரும் ஒரு நாவற்பழ நிறக் காட்டுப்பழச் செடி, மாக்கி என்ற சிறு மரம், முர்த்தா என்ற புதர் மூன்றும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இவற்றின் பழங்களைப் பறவைகள் தின்று விதையை மலைமேல் வரை கொண்டு போகின்றன. காட்டில் ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்தால், அந்த இடத்தைச் சுதேச மரக்கன்று பிடிப்பதற்கு முன் இந்த முட்செடி பிடித்துவிடுகிறது. தீமுடி பெரும்பாலும் லூமா என்ற சுதேச மரத்தில்தான் கூடு கட்டும். லூமா குறைந்தால் கூடும் குறையும்.

இந்தத் தீவுகளுக்கு மட்டுமே உரிய தாவர இனங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கோவா மரம் என்று தீவு மக்கள் அழைப்பது. இலை கோவா இலைபோல் பெரியது. உண்மையில் அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம்! கொத்துக்கொத்தாகச் செம்மஞ்சள் பூக்கள் தொங்கும். தீமுடிக்கு மிகவும் விருப்பமான பூ அது. காட்டில் இந்த மரமும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஆனால் மக்கள் வீட்டு முற்றங்களில் அதை நட்டு வளர்க்கிறார்கள். அதனால் தீமுடிகள் பூவைத் தேடிக் கிராமத்துக்குள் வருகின்றன. கிராமத்தில்தான் பூனைகளும் இருக்கின்றன.

இங்கே யாரைக் குற்றம் சொல்வது? பூ நட்டவர் நல்லதையே செய்தார். பூனை வளர்ப்பவர் அன்பாகவே வளர்க்கிறார். பறவை பசிக்காக வருகிறது. பூனை அதன் இயல்பைச் செய்கிறது.

உறவினரே போட்டியாளர்

இன்னும் ஒரு விசயம் இருக்கிறது. பச்சைமுதுகுத் தீமுடியும் பெருநிலத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1830 அளவிலேயே அது அங்கு இருந்தது தெரியவந்துள்ளது. இன்று அங்கேயே கூடு கட்டிப் பெருகி வாழ்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன சகோதரர்கள் மீண்டும் ஒரே வீட்டில். தீவின் ஆண் உருவில் பெரியது. தன் பூமரத்துக்கு வரும் பச்சைமுதுகை அது விரட்டிவிடும். ஆனால் தீவின் பெண் சிறியது, கிட்டத்தட்ட பச்சைமுதுகின் அளவு. பூக்கள் குறைந்த காலத்தில் இந்தப் போட்டி பெண்ணைப் பாதிக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். ஒரே சாதி, ஒரே உணவு, ஒரே மாதிரி வாழ்க்கை. ஏன் ஒருவன் தப்பினான், மற்றவன் சிக்கினான்? என் விளக்கம் இதுதான். பச்சைமுதுகு எங்கும் வாழப் பழகியது. காட்டிலும் வாழும், தோட்டத்திலும் வாழும், குளிரென்றால் இடம் மாறும். ஒரு பள்ளத்தாக்கில் தீப்பிடித்தால் அடுத்த பள்ளத்தாக்கு இருக்கிறது. தீவுப் பறவைக்கு அடுத்த பள்ளத்தாக்கு இல்லை. அது பலவீனமான பறவை அல்ல. உண்மையில் சகோதரனை விடப் பலசாலி. அதற்கு இல்லாதது இடம் மட்டும்தான்.

அதற்கு 2010 ஆம் ஆண்டு ஓர் எச்சரிக்கை தந்தது. அவ்வருடம் பெப்ரவரி 27 அதிகாலை சிலியில் 8.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த சுனாமி றொபின்சன் குறூசோ தீவின் ஒரே ஊரான சான் யுவான் பவுதிஸ்தாவின் தாழ்ந்த பகுதியை அள்ளிக்கொண்டு போனது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிப்போய் ஊர் மணியை அடித்து மக்களை எழுப்பியதால் பல உயிர்கள் தப்பின. அப்படியிருந்தும் பலர் இறந்தார்கள். வீடுகளோடு முற்றத்துப் பூமரங்களும் போயின. 2004 இல் நடந்ததை எங்கள் ஊரில் இன்றும் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் சிலர் உயிர் தப்பியது கண்டியிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால்தான் என்று உம்மம்மா அடிக்கடி சொல்வார். போவதற்கு இன்னோர் இடம் இருப்பது என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னும் கதவு மூடவில்லை

இந்தத் தீவுக்கூட்டம் 1935 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1977 இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆனால் வரைபடத்தில் கோடு போடுவதால் முட்செடி நின்றுவிடாது. பூங்கா உத்தியோகத்தர்களும், ஒய்கோனோஸ் என்ற அமைப்பினரும், தீவு மக்களும் சேர்ந்து இப்போது கையால் வேலை செய்கிறார்கள். தீமுடி கூடு கட்டும் இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைச் சுற்றியுள்ள முட்செடிகளை வெட்டி அகற்றுகிறார்கள். சுதேச மரக்கன்றுகளை வளர்த்து நடுகிறார்கள். கிராமத்துப் பூனைகளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பறவையைப் பற்றிக் கற்பிக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கத்தி, மண்வெட்டி, மரக்கன்று, பொறுமை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பூனையைக் கையாண்ட விதம். பூனையை வளர்க்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. பெருகாமல் பார்த்துக்கொள், பொறுப்போடு வளர் என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. குருவி இறந்த அன்று கோபத்தில் நான், "சீனியை எங்கயாவது கொண்டுபோய் விடுங்க வாப்பா" என்று அழுதேன். வாப்பா அமைதியாகச் சொன்னார்: "பூனையக் கட்டிப் போட்டுப் பட்டினி போட்ட பொம்புளட ஹதீஸ் தெரியும்தானே மகள்? அதுவும் அல்லாஹ்ட படைப்பு. குருவியும் அல்லாஹ்ட படைப்பு. கதிரைய வெச்சது ஆரு?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது உம்மம்மா பக்கத்தில் வந்திருந்து கேட்டார்: "எங்கட ஊட்டுக் குருவியப் பாக்காம, எங்கயோ இரிக்கிற குருவியப் பத்தி எழுதுறியா புள்ள?" நியாயமான கேள்வி. நான் அந்தத் தீவுக்குப் போய் முட்செடி வெட்டப் போவதில்லை. ஆனால் தீவின் கதை எனக்கு என் வீட்டைக் காட்டித் தந்தது. நமது நாடும் ஒரு தீவுதான். இங்கும் வேறெங்கும் இல்லாத பறவைகள் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுக்கும் அடுத்த பள்ளத்தாக்கு இல்லை.

அன்புச் சகோதரிகளே, பெற்றோர்களே, உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பூனை வளர்த்தால் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். குருவிகள் கூடு கட்டும் காலத்தில் விடிகாலையிலும் மாலையிலும் அதை உள்ளே வைத்திருங்கள். வளர்க்க முடியாத குட்டிகளைச் சந்தையிலும் காட்டோரத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். விட்டுவிட்டு வருபவர் கருணை காட்டியதாக நினைக்கிறார். அங்கிருந்துதான் காட்டுப் பூனைக் கூட்டம் தொடங்குகிறது. முற்றத்தில் ஒரு செவ்வரத்தையோ இக்சோராவோ நடுங்கள். நடுவதற்கு முன் பூனை ஏறக்கூடிய மதிலும் கதிரையும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள்.

இந்த வருடம் அதே கயிற்றில் இன்னொரு தேன்சிட்டு வந்திருக்கிறது. இது பழைய ஆண்குருவியா, புதிய சோடியா என்று எனக்குத் தெரியாது. கூடு பாதி முடிந்திருக்கிறது. இம்முறை படம் பிடிக்கவில்லை. சுபஹு தொழுதுவிட்டு நான் செய்யும் முதல் வேலை சமையலறைக் கதவைப் பூட்டுவதுதான். உள்ளேயிருந்து சீனி கத்துவாள். ஒன்பது மணி வரை கத்தட்டும். கதிரைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன.